அடித்துவிட்ட மைனஸ்

விடைத்தாளில் 9.8 என்ற எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு. அதன்மேல் பேனாவால் அழுத்தி அழுத்தி அடித்த அடையாளம். பக்கத்திலேயே ஆசிரியை போட்ட சிவப்பு வட்டம்.

பிளஸ் ஒன்னில் முதல் இயற்பியல் தேர்வு. ஐம்பதுக்குப் பதினான்கு. பத்தாம் வகுப்பு வரை அறிவியலில் தொண்ணூறுக்குக் கீழே இறங்காத பெண் அவள். தாளை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு வந்தவள், ராத்திரி சாப்பிடும்போது ஒரே வாக்கியமாகச் சொன்னாள்: "எனக்கு முதல் குரூப் வேணாம்மா. காமர்ஸுக்கு மாறிக்கிறேன். மாத்துறதுக்கு இன்னும் ஒரு வாரம் டைம் இருக்கு."

அம்மாவுக்குத் தோசைக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

அப்பா பஸ் டிரைவர். செங்கல்பட்டுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே நாளுக்கு நாலு நடை. படித்தது பத்தாவது வரை. அன்றைக்கு அவர் வீடு வரும்போது மணி பத்தரை. விஷயத்தைக் கேட்டவர் கோபப்படவில்லை. "மாறிக்கலாம், தப்பில்ல. ஆனா எதுக்குப் பயந்து ஓடுறோம்னு ஒருதடவை பார்த்துடலாமே" என்று தாளை வாங்கினார்.

கேள்வி இதுதான். தரையிலிருந்து ஒரு பந்தை விநாடிக்கு 19.6 மீட்டர் வேகத்தில் நேராக மேலே வீசுகிறார்கள். 3 விநாடி கழித்து அதன் வெலாசிட்டி என்ன?

அவள் சரியாகத்தான் போட்டிருந்தாள். ஒவ்வொரு விநாடிக்கும் 9.8 குறையும். மூன்று விநாடிக்கு 29.4. 19.6-இல் 29.4 போனால் மைனஸ் 9.8. அதைப் பார்த்ததும் பயந்துபோய்க் கோட்டை அடித்துவிட்டாள்.

"வேகம் எப்படிப்பா மைனஸ்ல இருக்கும்? சும்மா நிக்கிற பொருளுக்கே வேகம் பூஜ்யம். நிக்கிறதவிட மெதுவா எது போகும்?"

அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. "வெலாசிட்டின்னா தமிழ்ல என்ன போட்டிருக்கு?" என்று மட்டும் கேட்டார். ஆங்கில வழியில் படிப்பவள் அவள், தெரியவில்லை. அலமாரியின் மேல்தட்டில் பெரியம்மா மகன் படித்த தமிழ் வழிப் புத்தகம் கிடந்தது. தூசி தட்டிப் புரட்டினாள். 'திசைவேகம்' என்று இருந்தது.

"வெறும் வேகம்னு போடலையே. திசைன்னு முன்னாடியே சொல்லிட்டானே" என்றார் அப்பா.

மறுநாள் அவருக்கு ஓய்வு நாள். திண்ணையில் உட்கார்ந்து ஒரு நோட்டின் பின் அட்டையில் நீளமாக ஒரு கோடு போட்டார். ஒரு முனையில் சென்னை, மறுமுனையில் செங்கல்பட்டு. நடுவில் கிலோமீட்டர் கற்கள்.

"சென்னையிலிருந்து தூரத்த அளக்குறோம்னு வச்சுக்க. நான் செங்கல்பட்டு பக்கமா வர்றப்போ கல்லுல நம்பர் 40, 41, 42ன்னு ஏறும். தாம்பரம் பக்கமா போறப்போ 42, 41, 40ன்னு இறங்கும். ரெண்டு பக்கமும் மீட்டர் முள்ளு நாப்பதுலதான் நிக்குது. முள்ளுக்குத் திசை தெரியாது. கல்லுக்குத் தெரியும்."

அவள் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரத்தில் 50-ஆம் கல்லிலிருந்து 40-ஆம் கல்லுக்கு வந்தால் மாற்றம் மைனஸ் 10. மணிக்கு மைனஸ் 40. பஸ் மெதுவாகப் போகவில்லை, பின்பக்கமாகவும் உருளவில்லை. கல்லில் எண் இறங்கும் திசையில் போகிறது. மைனஸ் சொல்வது அவ்வளவுதான்.

"அப்போ சென்னைப் பக்கத்தை பிளஸ்னு வச்சா?"

"வச்சுக்கோ. பஸ்ஸுக்கு என்ன வந்துச்சு? ஆனா ஒரு கணக்குல ஒரு தடவ வச்சா கடைசி வரைக்கும் மாத்தக் கூடாது."

அடுத்த சந்தேகம் அவளுக்கே வந்தது. தாம்பரம் நோக்கிப் போகும் பஸ்ஸில் அப்பா பிரேக் போடுகிறார். திசைவேகம் மைனஸ் 40-இலிருந்து மைனஸ் 10-க்கு வருகிறது. மாற்றம் என்ன? கழித்துப் பார்த்தாள். பிளஸ் 30! வேகம் குறைகிறது, முடுக்கமோ பிளஸ். கணக்கு தப்போ என்று மறுபடியும் போட்டாள். அதே விடை.

பிறகுதான் பிடிபட்டது. முடுக்கம் மைனஸ் என்றால் வேகம் குறைகிறது என்று இத்தனை நாள் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். அப்படி இல்லை. திசைவேகமும் முடுக்கமும் ஒரே குறியில் இருந்தால் வேகம் கூடும். எதிரெதிர்க் குறியில் இருந்தால் குறையும்.

அவளே பந்துக்குத் திரும்பினாள். மேல்நோக்கிய திசை பிளஸ். புவியீர்ப்பு எப்போதும் கீழே இழுப்பதால் முடுக்கம் கடைசிவரை மைனஸ் 9.8. மேலே போகும்போது பந்தின் திசைவேகம் பிளஸ். எதிர்க்குறி, அதனால் வேகம் குறைகிறது. இரண்டாவது விநாடியில் உச்சி, திசைவேகம் பூஜ்யம். அந்தக் கணத்திலும் ஈர்ப்பு ஓய்வெடுப்பதில்லை. அதன்பின் திசைவேகமும் மைனஸ். ஒரே குறி, வேகம் கூடுகிறது. மூன்றாவது விநாடியில் பந்து தரைக்கு மேலே 14.7 மீட்டரில் இருக்கிறது. உயரம் பிளஸ்தான். கீழே வந்துகொண்டிருப்பதைச் சொல்ல அந்த ஒரு சின்னக் கோடு மட்டுமே இருந்தது. அதைத்தான் அவள் அடித்திருந்தாள்.

கழித்தல் குறியைக் கண்டு மிரண்டது அவள் மட்டுமல்ல. கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் கூட்டல் எண்ணைச் சொத்து என்றும் கழித்தல் எண்ணைக் கடன் என்றும் சொல்லி விதிகளை எழுதினார். அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்தும் ஐரோப்பியக் கணித அறிஞர்கள் சிலர் அந்த எண்களை ஏற்கத் தயங்கினார்கள். இயக்கத்தில் அது கடன்கூட இல்லை. வெறும் எதிர்த்திசை.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது புத்தகத்தில் இன்னொரு வரியை அவள் வாசித்தாள். புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் இடப்பெயர்ச்சி பூஜ்யம்.

அப்பா சிரித்தார். "நாலு நடை, 120 கிலோமீட்டர். ராத்திரி அதே டெப்போ. 22 வருஷமா வண்டி ஓட்டியும் என் கணக்கு பூஜ்யம்தான்னு சொல்லு."

அவள் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "அது இடப்பெயர்ச்சிப்பா. தூரம்னு தனியா ஒண்ணு இருக்கு. அது ஒருநாளும் குறையாது" என்றாள்.

அம்மா ரசத்தை ஊற்ற வந்தவள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் அப்பாவுக்கு இன்னொரு அப்பளம் வைத்தாள்.

அந்த ஒரு வாரம் கடந்துபோனது. குரூப் மாற்றும் பேச்சு வீட்டில் எழவில்லை. அடுத்த தேர்வில் முப்பத்தொன்று வாங்கினாள். பிரமாத மதிப்பெண் இல்லைதான். ஆனால் தாளின் எந்தப் பக்கத்திலும் அடித்த மைனஸ் இல்லை. ஒவ்வொரு கணக்கின் தலையிலும் சின்னதாக ஓர் அம்புக்குறி போட்டு, 'இந்தப் பக்கம் பிளஸ்' என்று எழுதியிருந்தாள்.