காணாதவர் போலிருந்தவர்
கோப்புகளோடு இருபது ஆண்டுகள் கழித்த எனக்கு ரிச்சர்ட் ட்ரூவின் வரலாறு வியப்பளிப்பது. அமெரிக்காவில் உப்புத்தாள் செய்த த்ரீ எம் நிறுவனத்துப் பணியாளர் அவர். கார்களுக்கு இருவண்ணம் பூசுவோர் படும் அல்லலைக் கண்டு, வண்ணம் கலவாது காக்கும் ஒட்டுநாடா ஒன்றை ஆக்க முனைந்தார். அதை விட்டுவிடுமாறு பணித்தார் மேலதிகாரி மெக்நைட். ட்ரூ விடவில்லை, மெக்நைட்டும் அறிந்தே வாளாவிருந்தார். 1925இல் நாடா பிறந்தது.

நம் அலுவலகங்களில் அது அரிது. தணிக்கை என்ற சொல் கேட்டாலே பேனா நின்றுவிடும். ஆயினும் எங்கள் பிரிவில் அத்தகைய அதிகாரி ஒருவர் இருந்தார். விதவை ஒருவரின் ஓய்வூதியக் கோப்பைப் பதிவேட்டில் ஏற்றாமலே, நண்பரொருவர் மேசைக்கு மேசை கையோடு கொண்டுசென்று ஒரே நாளில் முடித்தார். அதிகாரி காணாதவர் போலிருந்தார். பின்னர் ஆய்வுக்கு வந்தோர் வினவியபோது, கோப்பின் ஓரத்தில் "பொறுப்பு என்னுடையது" என்றெழுதிக் கையொப்பமிட்டார்.