சிரித்த பிள்ளை



பாரிஸ் ஹில்டனை நினைவிருக்கிறதா? ஹில்டன் ஹோட்டல்களைத் தொடங்கியவரின் கொள்ளுப்பேத்தி. 2003இல் 'தி சிம்பிள் லைஃப்' தொலைக்காட்சித் தொடரில், அர்கான்சாஸ் மாநிலத்தின் ஒரு பண்ணை வீட்டில் தங்கி, ஒன்றும் தெரியாத பணக்காரப் பெண்ணாகச் சிரித்தார். ஊரே பார்த்துச் சிரித்தது. "படிக்காவிட்டால் இப்படித்தான்" என்று வகுப்பில் நானும் சொல்லியிருக்கிறேன்.

2020இல் வந்த ஆவணப்படத்தில் அவரே மனம் திறந்தார். அந்தக் கொஞ்சல் குரல் நடிப்பாம். பதின்ம வயதில் சேர்க்கப்பட்ட உறைவிடப் பள்ளியில் அடிபட்டு, தனியறையில் அடைபட்டிருக்கிறார். அத்தகைய இடங்களில் பிள்ளைகளைக் காக்க வாஷிங்டன் வரை போய்ப் பேசினார். 2024 டிசம்பரில் சட்டம் வந்தது.

எப்போதும் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளையிடம், "என்னம்மா கஷ்டம்?" என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. உங்களில் யாராவது அப்படி இருந்திருந்தால், இந்த டீச்சரை மன்னியுங்கள். இப்போதாவது சொல்லுங்கள், கேட்கிறேன்.