எவ்வளவு வந்துச்சு?

அரசு மருத்துவமனையில் ஒரு நர்ஸ் வார்டு இன்சார்ஜ் ஆனதும் முதலில் கைக்கு வருவது சாவிக்கொத்து. மருந்து அலமாரி, லினன் பீரோ, போதை மருந்துப் பெட்டி எல்லாவற்றுக்கும் அதில் சாவி உண்டு. கூடவே இன்வெண்ட்ரி நோட்டு. ஒரு கிட்னி டிரே குறைந்தாலும் ரிடையர்மெண்ட் வரை அந்தக் கணக்கு பின்னாலேயே வரும். கையைப் பிடித்து வேலை சொல்லிக் கொடுத்த நல்ல சிஸ்டர்கள்கூட இன்சார்ஜ் ஆனதும் எதையும் யாரிடமும் விடாதவர்களாகிவிடுகிறார்கள். குணத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பொருள் தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர்தான் என்றால் யாரும் பூட்டத்தான் செய்வார்கள். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு சக்‌ஷன் கதீட்டர் தேவைப்படும்போது அது பீரோவுக்குள் இருக்கும், சாவி இன்சார்ஜ் வீட்டில் இருக்கும். புதிதாக இன்சார்ஜ் ஆகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: ராத்திரிக்கு வேண்டியதை வெளியே எடுத்து வையுங்கள், நைட் சிஸ்டரிடம் எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

வேலையைப் பிரித்துக் கொடுப்பது பற்றி நர்சிங் மாணவிகள் ஐந்து ‘சரி’களை மனப்பாடம் செய்கிறார்கள். சரியான வேலை, சரியான சூழல், சரியான ஆள், சரியாகச் சொல்லுதல், சரியான மேற்பார்வை. அமெரிக்க நர்சிங் வாரியங்களின் தேசிய கவுன்சில் வகுத்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே யார் எதைச் செய்யலாம் என்று ஆளுக்கு ஆள் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் வார்டில் இருப்பது ஒரு ஹாஸ்பிடல் வொர்க்கர், சில மாணவிகள், கட்டிலுக்கு ஓர் உறவினர். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைப் பொது வார்டுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் அளவு 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ். அதை மூன்று ஷிஃப்டாகப் பிரித்தாலும் 9 பேருக்கு ஒருவர். நாற்பது கட்டில், அது போக தரையில் பாய் போட்டவர்கள் என்று இருக்கும் வார்டில் இரண்டு சிஸ்டர் கிடைத்தால் அது நல்ல ராத்திரி. இந்த நிலையில் பிரித்துக் கொடுக்கலாமா கூடாதா என்ற கேள்வியே எழாது. எப்படிச் சொல்லிக் கொடுக்கிறோம் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

ஆபரேஷன் முடிந்து வந்தவரின் யூரோ பேக்கைப் பார்ப்போம். அதைக் காலி செய்வது வொர்க்கர் அம்மாவின் வேலை. கிலோவுக்கு அரை மில்லி கணக்கில், 60 கிலோ உள்ளவருக்கு மணிக்குக் குறைந்தது 30 மில்லி சிறுநீர் இறங்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு 180. “பையெல்லாம் கொட்டிடுங்க” என்று பொதுவாகச் சொன்னால் அந்த அம்மா விடியற்காலையில் எல்லாவற்றையும் சுத்தமாகக் கொட்டிவிடுவார். ரவுண்ட்ஸ் நேரத்தில் சார்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும், அல்லது யாரோ குத்துமதிப்பாக ஒன்றை எழுதியிருப்பார்கள். அதை நம்பி டிரிப்பைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள்.

நான் சொல்வது இப்படி: “அக்கா, ஏழாம் பெட்டும் ஒன்பதாம் பெட்டும் நேத்து ஆபரேஷன் ஆனவங்க. ஆறு மணிக்கு ஜக்குல பிடிச்சு என்கிட்ட காட்டிட்டு அப்புறம் கொட்டுங்க. இருநூறுக்குக் கீழ இருந்தாலோ, சிவப்பா இருந்தாலோ எந்நேரமானாலும் கூப்பிடுங்க.” எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஜக்கில் 200 கோட்டில் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டிவிடுவேன். பிளாஸ்டருக்கு மேலேயா கீழேயா என்று அவர் பார்த்தால் போதும். அது எதனால் என்று யோசிப்பது என் வேலை. அதை யாரிடமும் விட முடியாது.

இதில் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. டிபி மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சிறுநீர் ஆரஞ்சு கலந்த சிவப்பாகப் போகும், ரிஃபாம்பிசின் செய்யும் வேலை. அதைப் பார்த்துவிட்டு அக்கா ஓடி வருவார். “இதுக்கா ஓடி வந்தீங்க?” என்று ஒருமுறை சலித்துக்கொண்டால் தீர்ந்தது, நிஜமாகவே ரத்தம் வரும் நாளில் அவர் வரமாட்டார். எழுந்து போய்ப் பார்த்து, மாத்திரையைக் காட்டி, “இதனாலதான் அக்கா. இருந்தாலும் கூப்பிட்டது நல்லது” என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகும். டீ ஆறிப்போகும், அவ்வளவுதான்.

கொடுத்த வேலையைத் திரும்பக் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. “பிபி பார்த்தாச்சா?” என்று கேட்டால் “ஆச்சு சிஸ்டர்” என்றுதான் பதில் வரும். “பன்னிரண்டாம் பெட் பிபி எவ்வளவு?” என்று கேட்டால் பார்த்தவர் எண்ணைச் சொல்வார், பார்க்காதவர் பார்க்கப் போவார். யாரையும் திட்ட வேண்டியதில்லை. மூச்சு எண்ணிக்கைக் கட்டத்தைப் புரட்டிப் பாருங்கள்: முதல் கட்டிலிலிருந்து கடைசிக் கட்டில் வரை எல்லாருக்கும் 20. இத்தனை பேரும் ஒரே தாளத்தில் மூச்சு விடும் வார்டு எங்கேயும் கிடையாது. நோயாளி மோசமாகப் போவதை முதலில் காட்டுகிறவற்றில் ஒன்று இந்த எண். அதைத்தான் எண்ணாமல் எழுதுகிறார்கள். மாணவியை எல்லார் முன்னாலும் கேட்டால் அழுவாள், நாளைக்கு 20ஐ 18, 22 என்று மாற்றி எழுதக் கற்றுக்கொள்வாள். அவளோடு கட்டில் பக்கத்தில் நின்று ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். 32 வருகிற ஒருவரை அவள் தானாகக் கண்டுபிடித்துவிட்டால், அதன் பிறகு அவளைத் தொடர்ந்து கவனிக்க வேண்டியிருக்காது.

டியூட்டி லிஸ்ட் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். பென்சிலில்தான் போட வேண்டும் என்பதையும், புதிதாக வந்த இருவரை ஒரே நைட்டில் சேர்க்கக் கூடாது என்பதையும் மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன். தொகுப்பூதியத்தில் வந்தவர்கள் வாய் திறக்கமாட்டார்கள் என்று அவர்களுக்கே தீபாவளி நைட் போடுகிற வழக்கம் பல இடங்களில் உண்டு. அதே ஆளிடம் மறுநாள் “டீம் ஒர்க்” என்று பேசினால் யார் கேட்பார்கள்?

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் எழுதிய ‘நோட்ஸ் ஆன் நர்சிங்’ நூலில் சில்லறை நிர்வாகத்துக்கென்றே ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறார். தான் இருக்கும்போது நடப்பது தான் இல்லாதபோதும் நடக்க என்ன ஏற்பாடு என்பதுதான் அதன் கவலை. இன்சார்ஜ் லீவு போட்ட நாளில் வார்டு எப்படி ஓடியது என்று பார்த்தால் அவரைப் பற்றித் தெரிந்துவிடும். எனக்கு லீவில் போன் வந்தால் கோபம் வராது; ஒரே விஷயத்துக்கு இரண்டாம் முறை வந்தால் நான் எதையோ சொல்லிவிட்டு வரவில்லை என்று அர்த்தம்.

நம் வார்டுகளில் நர்சிங் வேலையைப் பெருமளவு செய்வது நோயாளியின் மனைவியும் மகளும்தான். எந்த நிர்வாகப் பாடத்திலும் அவர்கள் பெயர் இல்லை. ரைல்ஸ் டியூபில் கஞ்சி ஊற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவர்கள் கை. “நாங்க பார்த்துக்கிறோம் சிஸ்டர்” என்று அவர்கள் சொன்னதும் நகர்ந்துவிடுவது சுலபம். டியூப் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது நர்ஸ். தலைமாட்டை உயர்த்துவது, மெதுவாக இறக்குவது, ஊற்றிய பிறகு அரை மணி நேரம் படுக்க வைக்காமல் இருப்பது, இருமினால் உடனே நிறுத்திக் கூப்பிடுவது, இவற்றை மகளிடம் சொல்லி, ஒருமுறை அவளைச் செய்ய வைத்துப் பார்த்த பிறகுதான் விடலாம். நான் நர்ஸ் நோட்டில் “மகள் ஊட்டினார், சொல்லிக் கொடுக்கப்பட்டது” என்று எழுதுகிறேன். இப்படி எழுதினால் நாளைக்கு ஆடிட்டில் கேள்வி வரும், “ஃபீட் கொடுக்கப்பட்டது” என்று மட்டும் போடுங்கள் என்று சொல்கிற சக சிஸ்டர்கள் இருக்கிறார்கள். கேள்வி வரட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆள் பற்றாக்குறையைக் காட்ட வார்டில் வேறு எந்தப் பதிவேடும் இல்லை.