உரிமையாளரான அறக்கட்டளை: டாடா குடும்பக் கொடையின் தோற்றுவாய்

டாடா குழுமத்தின் தாய் நிறுவனமான டாடா சன்ஸ், அதாவது குழும நிறுவனங்களின் பங்குகளைத் தன்வசம் வைத்து அவற்றை வழிநடத்தும் நிறுவனம், பெரும்பகுதி டாடா குடும்பத்தாருக்கு உரியதன்று. அதன் பங்குகளில் ஏறத்தாழ 66 விழுக்காடு அறக்கட்டளைகளிடம் இருப்பதால், அவற்றுக்குரிய ஈவுத்தொகை, அதாவது இலாபத்திலிருந்து பங்குதாரருக்குப் பிரித்தளிக்கப்படும் பணம், கல்வி, மருத்துவம், ஆராய்ச்சி ஆகியவற்றுக்குச் செல்கிறது. இந்த ஏற்பாடு நிறுவனர் ஜாம்ஷெட்ஜி டாடாவின் திட்டம் என்று பலரும் கருதுகின்றனர். 1892, 1919, 1932 ஆகிய ஆண்டுகளில் தோன்றிய அமைப்புகளைத் தனித்தனியே ஆராய்ந்தால் அக்கருத்து நிலைக்கவில்லை.

1892இல் ஜாம்ஷெட்ஜி தொடங்கியது, வெளிநாட்டில் உயர்கல்வி பெற விரும்பிய இந்தியர்களுக்கான கல்வி நிதியாகும். அது இனாமாக வழங்கப்படாமல் கடனாக வழங்கப்பட்டது. படித்தவர் திருப்பிச் செலுத்தும் தொகை அடுத்த மாணவருக்குப் போய்ச் சேரும். பின்னாளில் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணன் லண்டனில் பயின்றது இந்நிதியின் துணையால்தான். பெங்களூருவில் 1909இல் நிறுவப்பட்ட இந்திய அறிவியல் கழகத்துக்கும் ஜாம்ஷெட்ஜி தம் பம்பாய்ச் சொத்துகளையே ஒதுக்கியிருந்தார். 1904இல் அவர் மறைந்தபோது தொழிலின் உரிமை, அறத்துக்கு எழுதிவைக்கப்படாமல், மைந்தர்களிடமே சென்றது.

இளைய மைந்தர் சர் ரத்தன் டாடா, வறுமைக்கு உதவுவதைவிட அதன் காரணங்களை ஆராய்வதில் நாட்டம் கொண்டு, லண்டன் பொருளியல் கல்லூரிக்கு 1912 முதல் ஆண்டுதோறும் 1,400 பவுண்டு அளித்தார். பொருளியல் வரலாற்றறிஞர் ஆர்.எச். டானியின் குறைந்தபட்சக் கூலி பற்றிய ஆய்வு அந்நிதியால் உருவானதாகும். பெற்ற பிள்ளை இல்லாத அவர் 1918இல் இறக்க, அவருடைய உயிலின்படி 1919இல் சர் ரத்தன் டாடா அறக்கட்டளை அமைந்தது.

மூத்தவர் சர் தோராப்ஜியும் பிள்ளையில்லாதவர். மனைவி மெஹர்பாய் 1931இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தபின், அந்நோயின் ஆராய்ச்சிக்கென ஒரு நிதியையும், தம் பங்குகளோடு 245 காரட் ஜூபிலி வைரம் உட்பட மனைவியின் நகைகளையும் ஒப்படைத்து மற்றோர் அறக்கட்டளையையும் 1932இல் நிறுவி, அவ்வாண்டு ஜூன் மாதமே மறைந்தார். இடம், இனம், சமயம் என்ற வேறுபாடு பாராமல் செலவிடப்பட வேண்டுமென்று விதிக்கப்பட்ட இவ்வறக்கட்டளையின் துணையால் 1936இல் சமூகப் பணிக்கான உயர்கல்வி நிறுவனமும், 1941இல் டாடா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும், இயற்பியலாளர் ஹோமி பாபாவின் வேண்டுகோளின்பேரில் 1945இல் அடிப்படை ஆராய்ச்சிக் கழகமும் உருவாயின.

எனவே, கொடுக்கும் முறையைத் தந்தையும், அறக்கட்டளையே உரிமையாளராகும் அமைப்பை வாரிசற்ற இரு மைந்தரும் உருவாக்கினர் என்பதே பொருத்தமான முடிவாகும். இவ்வமைப்பைப் பிற செல்வக் குடும்பங்கள் இன்று அப்படியே பின்பற்றுவது அரிது. ஏனெனில் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், வரிவிலக்குப் பெறும் அறக்கட்டளைகள் தனியார் நிறுவனப் பங்குகளை வைத்திருப்பதைப் பொதுவாகத் தடுத்து, 1973 ஜூன் 1 அன்று மூலநிதியில், அதாவது செலவழிக்காமல் காக்கப்படும் முதல் தொகையில், இருந்த பங்குகளுக்கே விலக்களித்தது. திரும்பி வரும் கடனால் அடுத்தவரைப் படிக்கவைக்கும் 1892ஆம் ஆண்டு வழியைப் பின்பற்றவோ எந்தத் தடையும் இல்லை.