கடைசித் தெறியிலிருந்து தொடங்கும் சிகிச்சை

இடியப்ப உரல், உடுப்புக் கிளிப், பயறும் உளுந்தும் கலந்து கொட்டிய சுளகு, பழைய டயரில் கட்டிய ஊஞ்சல், ஐந்து லீற்றர் தண்ணீர்க் கான். வன்னியில் ஒரு வைத்தியசாலையின் சிறுவர் சிகிச்சை அறையில் நான் பார்த்த கருவிகள் இவை. மருந்து அலுமாரி அங்கே இல்லை. பிள்ளையை முதன்முதலாகக் கூட்டிவரும் பெற்றோர் பலர் வாசலிலேயே தயங்கி நிற்கிறார்கள். ஊசி, மருந்து என்று நினைத்து வந்தவர்களுக்கு விளையாட்டுச் சாமான்கள் ஏமாற்றமாக இருக்கின்றன.

உள்ளே நடப்பது நுணுக்கமான வேலை. ஏழு வயதுப் பையன் ஒருவன் வெள்ளைப் பள்ளிக்கூடச் சேர்ட்டோடு பாயில் இருக்கிறான். சிகிச்சையாளர் மேலிருந்து ஒவ்வொரு தெறியாகப் பூட்டிக்கொண்டு வருகிறார். கடைசித் தெறியைப் பாதித் துளைவரை நுழைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார். "தம்பி, இனி உங்கட வேலை." பக்கத்தில் இருந்த தாய் தன்னையறியாமல் கையை நீட்டுகிறார். "அம்மா, விடுங்கோ. அவர் செய்வார்." நேரம் போகிறது. தெறி இரண்டு தரம் நழுவுகிறது. பிறகு பூட்டுகிறது.

முதல் தெறியில் தொடங்கினால் ஆறாவதுக்கு வருமுன்னே பிள்ளை களைத்துவிடும், தோற்றுவிடும். கடைசிப் படியை மட்டும் பிள்ளையிடம் விட்டால் ஒவ்வொரு நாளும் வேலை அவன் கையால் முடிகிறது. அடுத்த கிழமை கடைசி இரண்டு. அதற்கடுத்த கிழமை மூன்று. தொழில்வழிச் சிகிச்சையின் அடிப்படையான உத்திகளில் ஒன்று இது. பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எளிமையாகத் தோன்றும். எந்தப் படியில் கையை எடுப்பது என்று அறிவதற்குத்தான் வருடக்கணக்கான பயிற்சி வேண்டும்.

இடியப்ப உரலுக்கும் காரணம் இருக்கிறது. பென்சில் பிடிக்க முடியாத பிள்ளைக்குப் பென்சிலைக் கொடுத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. தோளும் மணிக்கட்டும் உள்ளங்கையும் முதலில் பலப்பட வேண்டும். அதனால் மா பிழிகிறார்கள், கிளிப்பைக் கயிற்றில் மாட்டுகிறார்கள், சுவரில் ஒட்டிய தாளில் நின்றபடி கோடு போடுகிறார்கள். நிமிர்ந்த பரப்பில் எழுதும்போது மணிக்கட்டு தானாகப் பின்னால் மடிந்து சரியான நிலைக்கு வரும். ஓரிடத்தில் இருக்க முடியாமல் அலையும் பிள்ளை தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றி வருகிறது. தசைக்கும் மூட்டுக்கும் பாரம் கொடுக்கும் வேலை சில பிள்ளைகளின் உடலை அமைதிப்படுத்தும். புலன்களை ஒருங்கிணைக்க முடியாத பிள்ளைகளைப் பற்றி அமெரிக்காவின் ஜீன் அயர்ஸ் கடந்த நூற்றாண்டில் எழுதியவற்றிலிருந்து வளர்ந்த முறை அது. எங்கள் பிள்ளைகள் முற்றத்தில் ஆடிய கொக்கானும் கிளித்தட்டும் இதே வேலையைத்தான் செய்தன. சிகிச்சையாளர் வீட்டுப்பாடமாகக் கொக்கானையே கொடுக்கிறார். ஐந்து கல் போதும், காசு செலவில்லை.

அந்த அறைக்கு வெளியே வாங்கில் இருந்த தாய்மாரைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2002இல், சமாதான காலத்தில், வடகிழக்கின் போர்ப் பிரதேசங்களில் 420 பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. கேள்வி கேட்டவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்கள். நூற்றுக்கு 92 பிள்ளைகள் குண்டுவீச்சு, செல்லடி, நெருங்கியவரின் மரணம் போன்ற கொடிய அனுபவங்களைக் கடந்திருந்தார்கள். நாலில் ஒரு பிள்ளைக்கு நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடு நோய் இருந்தது. அதற்குப் பிறகுதான் 2004 மார்கழியில் கடல் முல்லைத்தீவை அடித்தது. அதற்கும் பிறகு 2009, போரின் கடைசி மாதங்கள். 2002இல் பத்து வயதாக இருந்த பிள்ளைகள் இன்று முப்பதைத் தாண்டிவிட்டார்கள். அந்த வாங்கில் மடியில் பிள்ளையோடு இருப்பவர்களில் பலர் அந்தத் தலைமுறை. அவர்களுடைய பிள்ளைகள் போரைக் காணவில்லை. ஓட்டிசம், மூளை வாதம், பேச்சுத் தாமதம், கவனக் குறைபாடு என்று உலகம் முழுவதும் உள்ள காரணங்களோடுதான் வருகிறார்கள். ஆனால் அவர்களைத் தூக்கிவரும் கைகள் வேறு கதை உள்ளவை. பிள்ளை கத்தினால் உறைந்துபோகும் தாயை முதலில் ஆறுதலாக இருக்கவைத்து, தேத்தண்ணி கொடுத்து, பிறகுதான் பிள்ளையிடம் போகிறார்கள். பதிவேட்டில் நோயாளி ஒருவர். அறையில் கவனிக்கப்படுவது இருவர்.

தகப்பன்மார் வருவது குறைவு. 296 தமிழ் மாணவர்களிடம் நடத்தி 2008இல் வெளியான ஆய்வொன்று, வீட்டுக்குள் பிள்ளை அடி வாங்குவதற்கும் தகப்பனின் குடிப்பழக்கத்துக்கும் குடும்பம் பட்ட போருக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. எனவே இங்கே சிகிச்சை வீட்டுக்கும் போக வேண்டியிருக்கிறது.

பிள்ளைகளின் மனக்காயத்தையும் கவனிக்கும் வேலை இந்த மண்ணில் புதிதாக முளைத்ததல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் 'சாந்திகம்' நிறுவனமும் போர் நடக்கும்போதே ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும் உளவளத்துணைப் பயிற்சி கொடுத்தார்கள். சுனாமி வந்து மூன்று கிழமையில் வடகிழக்குக் கரையோர முகாமொன்றில், 31 பிள்ளைகளுக்கு உள்ளூர் ஆலோசகர்களே சிகிச்சை கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் தங்கள் வாழ்க்கைக் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னார்கள். இந்த முறையில் தரையில் ஒரு கயிறு நீட்டப்படும்; நல்ல நாளுக்குப் பூ, கெட்ட நாளுக்குக் கல் வைக்க வேண்டும். மறு பகுதியினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறே அமர்வுகள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் நூற்றுக்கு 81 பேரும், மற்றதில் 71 பேரும் மீண்டிருந்தார்கள்.

எல்லா முயற்சியும் இப்படி அமையவில்லை. போர் நடந்துகொண்டிருந்தபோது வடக்கில் 399 பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் 15 அமர்வுகள் நடத்திய திட்டமொன்றின் முடிவுகள் 2012இல் வந்தன. நடத்தைப் பிரச்சினைகள் ஓரளவு குறைந்தன. மனவடு அறிகுறிகளில் பெண் பிள்ளைகள் பங்குபெறாதவர்களைவிடக் குறைவாகவே முன்னேறினார்கள். வெளியே போர் தொடரும்போது, கூட்டமாகச் செய்யும் பயிற்சி எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது. இந்த முடிவை ஒளிக்காமல் வெளியிட்டதை நான் மிக மதிக்கிறேன். ஒவ்வொரு பிள்ளையாகப் பார்ப்பதில் ஏன் இவ்வளவு நேரம் போகிறது என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதில்.

2009இல் வவுனியா முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானோர் அடைபட்டிருந்தபோது, வவுனியாவின் உளமருத்துவர் சிவதாஸ் சிறு குழுவொன்றோடு மெனிக் பாம் முகாமில் வேலை செய்தார். இடம்பெயர்ந்தவர்களில் இருந்தே உதவியாளர்கள் பயிற்றப்பட்டார்கள். சொந்தங்களைப் பறிகொடுத்தவர்களே மற்றவர்களின் கூடாரங்களுக்குப் போய் வந்தார்கள். 2012 புரட்டாதியில் அந்த முகாம் மூடப்பட்டது. திட்டங்களோடு வந்த பணமும் காலப்போக்கில் வற்றியது. பயிற்சி பெற்ற பலர் நிரந்தர நியமனம் இல்லாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அந்தக் கைகளை இழந்தது பெரிய இழப்பு என்று நினைக்கிறேன். கட்டடத்தை மறுபடி கட்டலாம். நெதர்லாந்து உதவியோடு மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் புனர்வாழ்வுச் சிகிச்சைப் பிரிவு எழும்பி, 2024இல் திறக்கப்பட்டது நல்ல செய்திதான். ஒரு பிள்ளையின் அழுகையைக் கேட்டு அது பசியா பயமா என்று பிரித்தறியும் ஆளை அதே வேகத்தில் உருவாக்க முடியாது.

தூரமும் சேர்ந்துகொள்கிறது. ஏ-9 வீதியில் பஸ் கிடைத்துவிடும். ஒட்டுசுட்டானுக்கும் துணுக்காய்க்கும் உட்பக்கம் இருப்பவர்களுக்கு அந்த வீதிக்கு வருவதே பாதி நாள். கூலிக்குப் போகும் தாய் கிளினிக்குக்கு வந்தால் அன்றைய சம்பளம் இல்லை. மாதம் ஒரு தரம்தான் வர முடியும் என்பவருக்கு நான்கு கிழமைக்கும் சேர்த்துக் கொப்பியில் எழுதிக் கொடுக்கிறார் சிகிச்சையாளர். எழுத வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்குப் படம் கீறிக் கொடுக்கிறார். படத்தில் இருப்பவை அந்த வீட்டில் உள்ள சாமான்களாகத்தான் இருக்கும்: கிணற்று வாளி, துருவலை, சுளகு. வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று முதல் நாளே கேட்டுக் குறித்துவைத்திருக்கிறார்.

நான் புறப்படும் நேரம் அவர் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்பது வயதுப் பெண் பிள்ளை ஒன்றை ஊர்ப் பள்ளிக்கூடம் சேர்க்கத் தயங்குகிறது. வேறு பாடசாலையொன்றின் விசேட கல்வி அலகுக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள், அது பதினெட்டுக் கிலோமீற்றர். பிள்ளைக்கு என்னென்ன தானாகச் செய்ய வரும் என்று ஒவ்வொன்றாக எழுதுகிறார்: மலசலகூடம் போவாள், சாப்பிடுவாள், செருப்பைச் சரியான காலில் போடுவாள், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவாள். பிரதி ஒன்று வலயக் கல்விப் பணிமனைக்கு, இன்னொன்று பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கு. "புதன்கிழமை நானும் அதிபரிட்ட வாறன்" என்று தாயிடம் சொன்னார். பஸ் எத்தனை மணிக்கு என்று இருவரும் பேசத் தொடங்கினார்கள்.