அடைப்புக்குறிக்குள் நிற்கும் பெயர்

வகைப்பாட்டியல் பயிலும் மாணவர்கள் சிலர் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: "தாவரப் பெயர்கள் ஆண்டுதோறும் மாறிக்கொண்டே இருக்கின்றன. பிறகு எதற்காக அவற்றை இவ்வளவு கவனத்தோடு எழுத வேண்டும்?" அன்று நான் சொன்ன விடை அரைகுறையானது. முழு விடையைச் சொல்ல வேண்டுமானால், ஆய்வில் சேர்ந்த முதல் ஆண்டில் நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்க வேண்டும். இதுவரை அதை நான் எங்கும் எழுதியதில்லை.

கேரளத்தில் நான் ஆய்வு செய்யும் வளாகத்தில் ஒரு நிழல்வலைக் கூடம் உண்டு. அதில் அறுபதுக்கும் மேற்பட்ட சட்டிகளில் பிரோமிலியட் செடிகள் வளர்கின்றன. அன்னாசியின் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடிகள், இலைகளின் அடியில் கிண்ணம்போல் நீரைத் தேக்கி வைத்துக்கொண்டு, மழை மிகுந்த அந்த மண்ணில் சுகமாக வாழ்கின்றன. ஒவ்வொரு சட்டியின் விளிம்பிலும் ஓர் அலுமினியத் தகடு கம்பியால் கட்டப்பட்டிருந்தது. தகட்டில் செடியின் பெயரும், அதன் கீழே ஓர் எண்ணும் ஆணியால் குத்தி எழுதப்பட்டிருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் வழக்கொழிந்த பெயர்கள். அவற்றைப் புதுப்பிக்கும் பணி என்னிடம் வந்தது. மூன்றே நாட்களில் முடித்தேன். வெள்ளைப் பலகைகளில் அழகிய எழுத்தில் புதிய பெயர்கள் நின்றன. பழைய தகடுகளைக் கழற்றி ஒரு சாக்கில் போட்டேன்.

அங்கே முப்பது ஆண்டுகளாகச் செடிகளைப் பேணிவரும் தோட்டக்காரர் சாக்கைப் பார்த்துவிட்டு, "இது எடுத்து களயணோ, மோளே?" என்று கேட்டார். "எல்லாம் தப்பான பெயர்கள், சேட்டா. இனிமேல் வேண்டாம்" என்றேன். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. அந்தக் கோடையில் சாக்கு பழைய இரும்போடு போய்விட்டது.

புதிய பெயர்களில் பிழை ஏதும் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். பிரோமிலியேசிக் குடும்பத்தில் இன்று 3,500க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன. மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டுப் பாறைகளில் வளரும் பிட்கேர்னியா பெலிசியானா ஒன்றைத் தவிர, எல்லாமே அமெரிக்கக் கண்டங்களின் இயல் தாவரங்கள். சுமித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த லைமன் ஸ்மித், ராபர்ட் டவுன்ஸ் என்பவருடன் இணைந்து, 1974 முதல் 1979 வரை மூன்று பெருந்தொகுதிகளில் இக்குடும்பத்தை முழுமையாக விவரித்தார். அதில் துணைக்குடும்பங்கள் மூன்று. வெடிகனியும் சிறகோ வாலோ உடைய விதைகளும் பெரும்பாலும் கொண்டவை ஒன்று. வெடிகனியும் இறகுமயிர் விதைகளும் உடையவை மற்றொன்று. சதைக்கனி உடையவை மூன்றாவது. கனியை உடைத்துப் பார்த்தே ஒரு மாணவர் செடியின் இடத்தை அறிந்துகொள்ளலாம். அத்தனை தெளிவு!

மரபணு வரிசைகள் வந்தபோது, பின்னிரண்டு பிரிவுகளும் நிலைத்து நின்றன. முதலாவது நிற்கவில்லை. சிறகுள்ள விதை ஒரே முன்னோரிடமிருந்து வந்த உறவின் அடையாளமாக இருக்கவில்லை. 2007இல் தாமஸ் கிவ்னிஷும் அவருடைய குழுவினரும் அந்த ஒன்றை ஆறாகப் பிரித்து, மொத்தம் எட்டுத் துணைக்குடும்பங்களை முன்வைத்தனர். 2016இல் மைக்கேல் பார்பஸ், வால்டர் டில் ஆகியோர் அடங்கிய குழு, இறகுமயிர் விதைப் பிரிவின் பேரினங்களைத் திருத்தி அமைத்தது. பூக்கடைகளில் செந்நிற வாள்போல் பூங்கொத்து நீட்டி நிற்கும் செடியை நீங்கள் கண்டிருப்பீர்கள். விரீசியா ஸ்பிளெண்டென்ஸ் என்றிருந்த அதன் பெயர், அத்திருத்தத்தால் லுத்தேரியா ஸ்பிளெண்டென்ஸ் ஆயிற்று. பிரோமிலியட் பெயர்ப் பட்டியல்களை ஆண்டுக்கணக்கில் தொகுத்தளித்த ஹாரி லூதரின் நினைவாக அப்பேரினப் பெயர் அமைந்தது.

ஆகவே, பெயர் மாறுவது சோம்பலாலோ விளையாட்டாலோ நிகழ்வதில்லை. ஒரு சிற்றினத்தின் பெயரிலேயே அதன் பேரினமும் அடங்கியிருப்பதால், உறவைப் பற்றிய நம் அறிவு மாறினால் பெயரும் மாறியாக வேண்டும். அன்று நான் இதை நன்றாகவே அறிந்திருந்தேன். அறியாதது வேறொன்று.

பெயரின் சொற்பொருள் சரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூடத் தாவரவியலில் இல்லை. டில்லாண்ட்சியா என்ற பேரினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துர்க்கு நகரில் மருத்துவப் பேராசிரியராக இருந்த எலியாஸ் டில்லாண்ட்ஸ் என்பவரின் பெயர் அது. லின்னேயஸ் சொல்லும் கதைப்படி, அவர் இளமையில் கடல் வழியே ஸ்டாக்ஹோம் சென்றபோது அலைகளால் பெரிதும் துன்புற்றார். திரும்புகையில் வளைகுடாவை முழுவதும் சுற்றித் தரைவழியாகவே வந்தார். 'தரைவழி' என்று பொருள்படும் பெயரையும் தமக்குச் சூட்டிக்கொண்டார். இச்செடிகளும் நீரை வெறுப்பவை என்று கருதியே லின்னேயஸ் அப்பெயரைத் தந்தார். ஆனால் மரக்கிளைகளில் தொற்றி வாழும் டில்லாண்ட்சியாக்கள் மழையையும் பனியையும் இலைச் செதில்களால் நேரடியாகப் பருகியே உயிர் வாழ்கின்றன! கருத்து பிழைபட்டது, பெயர் நிலைத்தது. எந்தச் செடிக்கு உரியது என்பதில் ஐயமில்லாதவரை, ஒரு பெயர் தன் வேலையைச் செய்துவிடுகிறது.

அன்னாசியின் கதை இதனினும் செறிவானது. 1753இல் லின்னேயஸ் அதற்குப் பிரோமிலியா அனனாஸ் என்று பெயரிட்டார். பின்னர் அது அனனாஸ் என்னும் தனிப் பேரினத்துக்கு மாறியபோது, 'அனனாஸ் அனனாஸ்' என்று எழுத விதி இடந்தரவில்லை. விலங்கியலில் கொரில்லா கொரில்லா என்று எழுதலாம். தாவரவியலில் பேரினப் பெயரே சிற்றினப் பெயராகத் திரும்பி வரலாகாது. ஆகவே லின்னேயஸ் அதே செடிக்குத் தந்திருந்த பிரோமிலியா கோமோசா என்ற மற்றொரு பெயரிலிருந்து சொல்லை எடுத்து, 1917இல் எல்மர் மெரில் அனனாஸ் கோமோசஸ் என்று அமைத்தார். முறைப்படி எழுதும்போது அப்பெயருக்குப் பின்னால், அடைப்புக்குறிக்குள் லின்னேயஸின் சுருக்கமும் அதற்கு வெளியே மெரிலின் சுருக்கமும் வரும்.

அந்த அடைப்புக்குறியைத் தேர்வுக்காகப் பலமுறை எழுதியிருக்கிறேன். ஆசிரியர் பெயர்களை இடம் மாற்றி எழுதி மதிப்பெண் இழந்ததும் உண்டு. செந்நிற வாள் செடியின் பெயருக்குப் பின்னும் அது உண்டு. அதனுள் நிற்பவர், அதை முதலில் டில்லாண்ட்சியா ஸ்பிளெண்டென்ஸ் என்று விவரித்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் பிரான்யார். பேரினங்கள் மூன்று மாறியும் அவர் அங்கேயே நிற்கிறார். புதியவர் பெயரை மாற்றலாம்; ஆனால் முதலில் பெயரிட்டவரிடம் திரும்பிச் செல்லும் வழியை மூடக்கூடாது. அந்த வழியின் முடிவில் ஒரு மூலமாதிரி இருக்கும்: ஒரு காகிதத்தில் ஒட்டிய உலர்ந்த செடி, சேகரித்தவர் பெயர், இடம், எண்.

என் தவறு வெளிப்பட்டது ஏறத்தாழ ஓராண்டுக்குப் பிறகு. வேறொரு பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் ஒருவர் லுத்தேரியாவின் இலைத்துண்டு கேட்டு எழுதினார். தோட்டத்தின் பழைய பதிவேட்டைப் புரட்டினோம். மூன்று வரவுகள் இருந்தன. இரண்டு நாற்றுப்பண்ணைகளிலிருந்து வாங்கியவை. ஒன்று மட்டும், தென்னமெரிக்கக் காட்டில் சேகரித்த இடக்குறிப்புடன், விதைப் பரிமாற்றத்தில் வந்தது. அவருக்கு வேண்டியது அதுதான். பதிவேட்டில் எண் தெளிவாக இருந்தது. கூடத்திலோ ஒரே மாதிரியான வரியிலைகளுடன் மூன்று சட்டிகள் நின்றன. மூன்றிலும் என் கையெழுத்தில், மிகச் சரியான ஒரே பெயர்.

இச்செடிகளின் வாழ்வியலை நினைத்தால் இழப்பின் அளவு புரியும். பெரும்பாலான பிரோமிலியட் செடிகளில் ஒரு தண்டு ஒருமுறைதான் பூக்கும். பூத்தபின் அது மெல்ல மடியும். அடியில் பக்கக்கன்றுகள் கிளம்பும். தோட்டக்காரர் கன்றைப் பிரித்து வேறு சட்டியில் வைத்து, பழைய தகட்டை அவிழ்த்து அதில் கட்டுவார். விதையிலிருந்து முளைத்த அந்த முதல் செடி என்றோ மடிந்திருக்கும். சட்டியும் மாறியிருக்கும், மண்ணும் மாறியிருக்கும். இத்தனை தலைமுறைகளையும் இணைத்து நின்றது அந்தத் தகட்டின் எண் ஒன்றுதான். அதைத்தான் நான் சாக்கில் போட்டேன். மரபணுச் சோதனை அம்மூன்றும் எவ்வளவு வேறுபட்டவை என்று சொல்லக்கூடும். அவற்றுள் எந்தச் சட்டி பதிவேட்டின் எந்த வரிக்கு உரியது என்று சொல்லாது.

இவ்விழப்பை நினைக்கும்போதெல்லாம் பெர்லினும் நினைவுக்கு வரும். கார்ல் மெஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் 1896இலும் பின்னர் 1930களிலும் இக்குடும்பம் முழுவதையும் விவரித்தார். அவர் ஆராய்ந்த மாதிரிகளில் பல பெர்லின் உலர்தாவரத் தொகுப்பில் இருந்தன. 1943 மார்ச் மாதக் குண்டுவீச்சில் அத்தொகுப்பின் பெரும்பகுதி எரிந்துபோயிற்று. ஆனால் சிக்காகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் மாக்பிரைடு 1929 முதல் பல ஆண்டுகள் பெர்லினிலும் பிற ஐரோப்பிய நகரங்களிலும் அமர்ந்து, மூலமாதிரிகளைப் பல்லாயிரக்கணக்கில் படமெடுத்திருந்தார். எரிந்துபோன பல மாதிரிகளுக்கு இன்று அப்படங்களே சாட்சி. அங்கே எரித்தது போர். இங்கே எந்தப் போரும் இல்லை. ஒரு மாணவியின் உறுதி மட்டுமே இருந்தது. படமெடுத்து வைக்க எனக்கு அரை நாள் போதுமாயிருந்தது. கையில் கைப்பேசியும் இருந்தது.

தோட்டக்காரரிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. மூன்று சட்டிகளையும் நெடுநேரம் பார்த்துவிட்டு, அவற்றுள் ஒன்று முன்பு குழாயடியில் இருந்தது, பண்ணையிலிருந்து வந்த நாளில் தாமே வண்டியிலிருந்து இறக்கியது என்றார். மற்ற இரண்டைப் பற்றித் தமக்கு உறுதியில்லை என்றார். தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் அவர் பிரித்துச் சொன்ன அந்த நேர்மை என் மூன்று நாள் வேலையில் இருக்கவில்லை.

பேச்சின் நடுவே, "இதும் கைதச்சக்கயுடெ கூட்டம் தன்னெயல்லே?" என்று கேட்டார். மலையாளத்தில் அன்னாசி கைதச்சக்கை. கைதை என்பது தாழை, சக்கை பலா. தாழைபோன்ற முள்விளிம்பு இலையும் பலாபோன்ற பழமும் உடையது என்று பொருள். கடல்கடந்து வந்த ஒரு புதுச்செடியை, யாரோ இலையைப் பார்த்தும் பழத்தை அரிந்து பார்த்தும் பெயரிட்டிருக்கிறார்கள். பலாவும் அன்னாசியும் நெருங்கிய உறவினர் அல்ல. ஆயினும் இரண்டும் ஒரு பூங்கொத்து முழுவதும் திரண்டு உருவாகும் கூட்டுக்கனிகள் என்பதை நாம் வகுப்பில்தான் கற்கிறோம். நாம் வழங்கும் அன்னாசி என்ற சொல்லோ தென்னமெரிக்கப் பழங்குடிகளின் மொழியில் பிறந்து, போர்த்துகீசியர் வாய்வழியே கரையேறியது. வந்த வழியை அது தன்னுள் வைத்திருக்கிறது.

பதிவேட்டில் அன்று இரண்டு குறிப்புகளை எழுதினோம். ஒரு சட்டிக்கு, "தோட்டக்காரரின் நினைவின்படி பண்ணை வரவு" என்றும், மற்ற இரண்டுக்கு, "வரவெண் உறுதியில்லை, தகடு அகற்றப்பட்டது" என்றும். அகற்றியவர் பெயராக என் பெயரையும் நாளையும் எழுதிக் கையொப்பமிட்டேன். இலைத்துண்டு கேட்டவருக்கு, எங்களால் தர இயலாது என்று காரணத்தோடு மடல் அனுப்பினேன்.

மாணவர்களே, உங்கள் கேள்விக்கு என் விடை இதுதான். புதிய பெயரை எழுதுங்கள். அது உங்கள் கடமை. ஆனால் பழைய சீட்டைக் கிழிக்காதீர்கள். உலர்தாவரத் தாளில் திருத்தச் சீட்டுகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஒட்டப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். எதையும் அடிக்காமல், எதையும் அழிக்காமல், பெயரும் நாளும் இட்டு ஒட்டுகிறார்கள். உயிருள்ள செடிக்கும் அதே மரியாதையைத் தாருங்கள். எங்கள் கூடத்தில் இப்போது ஒவ்வொரு சட்டியிலும் இரண்டு பலகைகள் உண்டு. மேலே இருப்பது பெயர், அது மாறும். கீழே இருப்பது எண்; அதை மாற்றும் உரிமை யாருக்கும் இல்லை, எனக்கும்தான்.

அந்த இரண்டு சட்டிகளில் ஒன்று இவ்வாண்டு பூத்தது. அடியில் இரண்டு கன்றுகள் விட்டிருக்கிறது. அவற்றைப் பிரித்து வைக்கும்போது, "வரவெண் உறுதியில்லை" என்ற குறிப்பையும் சேர்த்தே கட்ட வேண்டும்.