வலது பக்க இருக்கை

கடல் கடந்த மடல் – சிகாகோ



மகனையோ மகளையோ பார்க்கச் சிகாகோ வருகிற பெற்றோர்கள் ஓஹேர் விமான நிலையத்தருகே பெஸ்ஸி கோல்மன் டிரைவ் என்ற சாலையைக் கடந்திருக்கக்கூடும். பயணக் களைப்பில் பெயர்ப்பலகை கண்ணில் பட்டிருக்காது. அந்தப் பெயருக்குரிய பெண்ணைப் பற்றியும், அவருக்குப் பின் இதே ஊரில் விமானம் ஓட்டக் கற்று, பிறகு ஊருக்கே கற்றுக்கொடுத்த வில்லா பிரௌன் பற்றியும் எழுத வேண்டும் என்பது எனக்கு வெகுநாள் ஆசை. பெஸ்ஸியின் பெயர் சாலையிலும் அமெரிக்கக் கால் டாலர் நாணயத்திலும் இருக்கிறது. வில்லாவைப் பற்றிக் கேட்டால் சிகாகோக்காரர்களிலேயே பலர் விழிப்பார்கள்.

பெஸ்ஸி கோல்மன் 1892இல் டெக்சஸில் பிறந்தவர். பருத்திக் காட்டில் வளர்ந்து, 1915இல் சிகாகோ வந்து, ஒரு முடிதிருத்தகத்தில் வாடிக்கையாளர்களின் நகங்களைச் சீர்செய்யும் வேலையில் சேர்ந்தார். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய அண்ணன், பிரான்சில் பெண்கள் விமானமே ஓட்டுகிறார்கள் என்று சொல்லிச் சீண்டியது மனதில் தைத்தது. ஆனால் கறுப்பினப் பெண்ணைச் சேர்த்துக்கொள்ள அமெரிக்காவில் ஒரு பள்ளியும் முன்வரவில்லை. 'சிகாகோ டிஃபெண்டர்' பத்திரிகையை நடத்திய ராபர்ட் ஆபட், பிரான்சுக்கே போய்க் கற்றுக்கொள் என்றார். பிரெஞ்சு படித்து, 1920 நவம்பரில் கப்பலேறி, லெ குரொத்வா என்ற கடலோர ஊரில் பயிற்சி முடித்து, 1921 ஜூன் 15 அன்று பன்னாட்டு உரிமம் பெற்றார் பெஸ்ஸி.

ஊர் திரும்பி வான் சாகசக் காட்சிகள் நடத்தினார். கறுப்பருக்குத் தனி வாசல் வைத்த இடங்களில் பறக்க மறுத்தார். சேர்த்த பணமெல்லாம் ஒரே நோக்கத்துக்கு: தன்னைப் போன்றவர்களுக்கு ஒரு பறப்புப் பள்ளி. அது நடக்கவில்லை. 1926 ஏப்ரல் 30 அன்று ஜாக்சன்வில்லில், கழன்று கிடந்த ஒரு ஸ்பானர் விமானத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் சிக்கிக்கொண்டது. விமானத்தை ஓட்டிய மெக்கானிக்கும் அவரும் மாண்டார்கள். பெஸ்ஸிக்கு வயது 34.

வில்லா பிரௌன் பிறந்தது 1906இல், கென்டக்கி மாநிலத்தில். இண்டியானாவில் பட்டம் பெற்று, கேரி நகரத்தில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 1932இல் சிகாகோ வந்தார். இந்த 'ஆசிரியை' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வாழ்க்கைக்கு அதுதான் திறவுகோல் என்று நினைக்கிறேன்.

அப்போது சிகாகோவில் கொர்னீலியஸ் காஃபி, ஜான் ராபின்சன் என்று இரண்டு கறுப்பின மோட்டார் மெக்கானிக்குகள் இருந்தார்கள். இருவரும் விமானத் தொழில் படிக்க விண்ணப்பித்த பள்ளி, ஆளை நேரில் பார்த்ததும் கதவைச் சாத்தியது. வழக்குப் போடுவேன் என்று அவர்களுடைய முதலாளி எச்சரித்த பிறகுதான் இடம் கொடுத்தது. படித்து முடித்து வெளியே வந்தாலும் பறக்க இடமில்லை; எந்த ஓடுதளமும் அவர்களை ஏற்கவில்லை. ஆகவே நகரத்துக்குத் தெற்கே, கறுப்பர்கள் வாழ்ந்த ராபின்ஸ் என்ற சிற்றூரில் தாங்களே நிலத்தைச் சமப்படுத்தி ஓடுதளமும் ஹேங்கரும் அமைத்தார்கள். 1933இல் ஒரு புயல் அதை விமானங்களோடு சேர்த்து அழித்துவிட்டது. பிறகு 87ஆம் தெருவும் ஹார்லெம் அவென்யூவும் சந்திக்கும் இடத்திலிருந்த ஹார்லெம் விமானத் திடலின் தென்கோடியில் ஒதுக்கிக் கொடுத்த இடத்தில் மறுபடி தொடங்கினார்கள்.

வில்லா அங்கேதான் வந்து சேர்ந்தார். முதலில் இன்ஜினைப் படித்து, 1935இல் மெக்கானிக் சான்று வாங்கினார். 1937இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் முதுகலை. 1938இல் விமானி உரிமம். அமெரிக்க மண்ணிலேயே கற்று உரிமம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். பெஸ்ஸி உரிமம் பெற்று 17 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதற்கு நடுவே 1936இல் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. வெள்ளைச் சவாரிக் கால்சட்டை, வெள்ளை ஜாக்கெட், வெள்ளை பூட்ஸ் அணிந்து 'டிஃபெண்டர்' அலுவலகத்துக்குள் நுழைந்தார் வில்லா. தட்டச்சுப் பொறிகளின் ஓசை அப்படியே நின்றுவிட்டதாக ஆசிரியர் குழுவிலிருந்த ஈனக் வாட்டர்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். கறுப்பின விமானிகள் வான்காட்சி நடத்துகிறோம், செய்தி போடுங்கள் என்பதுதான் வில்லா கேட்டது. வாட்டர்ஸ் காட்சிக்குப் போனார். வில்லா அவரை விமானத்தில் ஏற்றிப் பறந்தும் காட்டினார். அதன் பிறகு பத்திரிகை அவர்கள் பக்கம் நின்றது. உடுத்தும் உடையிலிருந்து எழுதும் கடிதம் வரை எல்லாவற்றையும் ஒரு காரியத்துக்காகத் திட்டமிட்ட பெண் அவர்.

அந்தக் காரியம் பள்ளி. வில்லாவும் காஃபியும் சேர்ந்து காஃபி ஏரோநாட்டிக்ஸ் பள்ளியை நடத்தினார்கள். போர் வரும் என்று உணர்ந்த அரசு, இளைஞர்களுக்கு விமானப் பயிற்சி அளிக்கும் திட்டம் கொண்டுவந்தபோது, கறுப்பர்களையும் அதில் சேர்க்கச் சொல்லி வில்லா வாஷிங்டனுக்கு ஓயாமல் எழுதினார். 1939இல் இவர்களுடைய கறுப்பின விமானிகள் சங்கத்தைச் சேர்ந்த இரண்டு பேர் ஒரு பழைய விமானத்தில் சிகாகோவிலிருந்து தலைநகர் வரை பறந்து காட்டினார்கள். அங்கே அவர்கள் சந்தித்தவர்களில் ஒருவர் அப்போது செனட்டராக இருந்த ஹாரி ட்ரூமன். பள்ளிக்கு அரசு ஒப்பந்தம் கிடைத்தது. வெண்டல் ஃபிலிப்ஸ் உயர்நிலைப் பள்ளியில் பாட வகுப்பு, ஹார்லெம் திடலில் பறப்பு வகுப்பு. பாடமும் நடத்தி, நிர்வாகமும் பார்த்தார் வில்லா. இங்கே படித்தவர்கள் பலர் அலபாமாவிலுள்ள டஸ்கீகிக்குப் போய், இரண்டாம் உலகப் போரில் பெயர்பெற்ற கறுப்பின விமானப் படையில் சேர்ந்தார்கள்.

கற்றுக்கொடுப்பவரின் வேலை என்னவென்று எனக்குப் புரியவைத்தது ஓர் இளம் பெண். எங்கள் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். இப்போது சிகாகோவின் தென்மேற்குப் புறநகரில் பறப்புப் பயிற்றுநர். பயிற்சி விமானத்தில் மாணவர் இடது பக்கம், ஆசிரியர் வலது பக்கம். இரண்டு பக்கமும் கட்டுப்பாட்டுக் கருவிகள் உண்டு. "ஆன்ட்டி, ஓட்டறது கஷ்டமில்லே. தப்பா ஓட்டறாங்கன்னு தெரிஞ்சும் கையை மடியிலே வெச்சுக்கிட்டு இருக்கறதுதான் கஷ்டம்" என்றாள். எவ்வளவு நேரம் பொறுக்கலாம், எந்த நொடியில் கட்டுப்பாட்டை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்தத் தொழிலே.

அமெரிக்க விதிப்படி 17 வயதில் தனியார் விமானி உரிமம் வாங்கலாம். பொதுவாகக் குறைந்தது 40 மணி நேரப் பறப்பு வேண்டும். வணிக உரிமத்துக்கு 18 வயதும், வழக்கமான வழியில் 250 மணி நேரமும் வேண்டும். அதற்கு மேல் பயிற்றுநர் தேர்வு. அதில் தேர்வாளரையே மாணவராக வைத்து, வலது இருக்கையிலிருந்து ஓட்டியபடி பாடம் நடத்திக் காட்ட வேண்டும். இறக்கை தூக்குவிசையை இழந்து விமானம் சுழன்று இறங்கும்போது அதை மீட்கும் பயிற்சி, மற்ற விமானிகளுக்கு இல்லாவிட்டாலும் பயிற்றுநருக்குக் கட்டாயம். கற்பிக்கும் முறை பற்றி எழுத்துத் தேர்வு ஒன்றும் உண்டு. ஏழாம் வகுப்பிலோ அதற்கு மேலோ கற்பிக்கும் சான்று பெற்ற ஆசிரியருக்கு அந்த ஒரு தேர்விலிருந்து விலக்கு. வில்லா இன்று விண்ணப்பித்திருந்தால் அதை எழுத வேண்டியிருந்திருக்காது!

2009இல் பஃபலோ நகரருகே ஒரு பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன்பின் வந்த சட்டத்தால், பயணிகள் விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேரவே பொதுவாக 1,500 மணி நேர அனுபவம் வேண்டும் என்றாகிவிட்டது. 250க்கும் 1,500க்கும் இடையே உள்ள தூரத்தை இளம் விமானிகள் பெரும்பாலும் பாடம் சொல்லிக்கொடுத்தே கடக்கிறார்கள். அதனால் இங்கே பயிற்றுநர்கள் பலர் இருபதுகளில் இருப்பவர்கள். மணிக்கணக்கைச் சேர்க்கும் இடைக்கால வேலை என்றே சிலர் இதை நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருவருக்கு முதன்முதலாகத் தனியே பறக்க அனுமதி எழுதிக் கொடுப்பது ஓர் உயிருக்குப் பொறுப்பேற்பது. சைக்கிள் பழக்கும் அண்ணன் சொல்லாமலேயே பின்னாலிருந்து கையை விட்டுவிடுவான். இங்கே ஆசிரியர் கதவைத் திறந்து இறங்கி, இனி நீயே போ என்று சொல்லிவிட்டுத் தரையில் நின்று பார்க்க வேண்டும்.

சான்று தரும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு வில்லாவின் காலத்திலேயே இன்னொரு சாட்சி உண்டு. சிகாகோ செவிலியர் ஜேனட் பிராக், ராபின்ஸ் நண்பர்களுக்காகத் தன் சொந்தப் பணத்தில் விமானம் வாங்கியவர். 1943இல் டஸ்கீகியில் வணிக உரிமத் தேர்வுக்குப் போனார். நன்றாகவே ஓட்டினார். ஆனாலும் கறுப்பினப் பெண்ணுக்கு உரிமம் தந்ததில்லை, தரப்போவதுமில்லை என்று அந்த வெள்ளைக்காரத் தேர்வாளர் மறுத்துவிட்டார். ஜேனட் சிகாகோ திரும்பி, பால்வாக்கீ திடலில் அதே தேர்வுக்கு மறுபடி போய்த் தேர்ச்சி பெற்றார். திறமை மாறவில்லை, பக்கத்தில் உட்கார்ந்த ஆள் மாறினார்.

1942இல் வில்லா உள்நாட்டு வான் ரோந்துப் படையின் முதல் கறுப்பின அதிகாரியானார். 1946இல் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். போர் முடிந்ததும் பள்ளி மூடப்பட்டது. அவர் மறுபடி சிகாகோ பள்ளிக்கூடங்களில் ஆசிரியையாகி, 1971 வரை பாடம் நடத்தினார். 1992இல் காலமானார். ஹார்லெம் திடல் இருந்த இடத்தில் இன்று ஓடுதளம் எதுவும் இல்லை.

முதலில் பறந்தவரைக் கொண்டாடுவது நியாயம். அடுத்தவரைப் பறக்கவைத்தவரை மறப்பது அநியாயம் என்பது என் கருத்து. அமெரிக்காவில் இன்றும் பயிற்றுநர்களில் பெண்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்திய விமான நிறுவனங்களில் பெண் விமானிகளின் விகிதம் அமெரிக்காவைவிட அதிகம் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையோடு ஒரு வேண்டுகோள். விமானி ஆக வேண்டும் என்று உங்கள் மகளோ பேத்தியோ சொன்னால், செலவையும் பயத்தையும் பேசுவதற்கு முன், உனக்கு யார் சொல்லித்தரப் போகிறார்கள் என்று கேளுங்கள். கற்று முடித்த பின் சில ஆண்டுகளாவது நீயும் சொல்லிக்கொடு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.